நாலு பத்துக்கு ஒரு மூச்சு

அஞ்சல் துறையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, முத்திரையில் தேதியை மாற்றுவது. நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றைய எண்ணைப் பொருத்த வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் குத்திப் பார்த்து, சரியாக விழுந்திருந்தால்தான் முதல் கடிதத்தைத் தொடலாம். முப்பது வருடங்களுக்கு மேல் இந்த வேலையோடு இருந்ததில் எதைப் பார்த்தாலும் தேதி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. என் மனைவி இருந்தவரை, "உங்களுக்குச் சாம்பார்ல உப்பு இருக்கான்னு தெரியாது, வெச்ச தேதி மட்டும் தெரியும்" என்பாள்.

ஓய்வு பெற்றதும் அந்தப் பழக்கத்தைத் திரைப்பாடல்கள் பக்கம் திருப்பினேன். ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். என்று ஒலிப்பதிவு ஆனது, எத்தனை மணிக்கு, யார் என்ன வாசித்தார்கள், எத்தனாவது டேக் ஓகே ஆனது. தாளில் ஆதாரம் பார்த்ததைப் பேனாவில் எழுதுவேன். வாய்வழியாகக் கேட்டதைப் பென்சிலில். பதினொரு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்து, தாம்பரம் வட்டாரத்தில் மட்டும் வரும் ஒரு வாரப் பத்திரிகையில் மாதம் ஒரு பாட்டு என்று எழுதி வந்தேன்.

அந்தப் பத்திரிகையைக் கத்தரித்து வைக்கும் ஒரே வாசகர் எனக்குத் தெரிந்து மாடம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எனக்கு நண்பர். அவர் மனைவி ஒரு மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். தெருவே அந்த அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடும். கணவரும் அப்படித்தான். "டீச்சர், சார் வந்திருக்காரு, டீ போடு. சக்கரை கம்மியா போடு, நெறைய போட்டா அதுக்கும் ஒரு தேதி எழுதிடுவாரு" என்பார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் செல்போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் இணைத்து ஒரே ஒரு பாட்டைப் போடுவார். தினமும் அதே பாட்டு. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரிகையில் ஒரு முறை எழுதிய பெயர்களே போதும் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாற்பது வருடங்களுக்கு முந்தைய பாட்டு, இன்றும் கல்யாண மண்டபங்களில் ஒலிப்பது என்பது போதும்.

அந்தப் பாட்டு ஒரு பெண்ணின் ஹம்மிங்கோடு தொடங்கும். வார்த்தை கிடையாது, வாத்தியமும் கிடையாது. குரல் இரண்டு முறை வளைந்து இறங்கும். மூன்றாவது முறை மேலே ஏறுவதற்கு முன் ஒரு கணம் தடுக்கும். சட்டென்று ஒரு மூச்சு உள்ளே போவது கேட்கும். பிறகுதான் ஏறும். பாட்டின் புகழில் பாதி அந்த மூச்சுக்குத்தான். மேடையில் பாடுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு விம்மலை வலிந்து வைப்பார்கள், அதற்கே கைத்தட்டல் விழும். நண்பரும் நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, சுருதி சேராமல் கூடவே விம்முவார். டீச்சர் எதிர் நாற்காலியில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். அந்த இடம் வரும்போது அவருடைய தோள் லேசாக மேலே எழுந்து இறங்கும். கணவரின் கோமாளித்தனத்துக்குப் பெருமூச்சு விடுகிறார் என்று நினைத்தேன். பார்த்தேன், நோட்டில் எழுதவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றி நான் எழுதியது போன வருடம் ஆடி மாதம். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் மொத்தமும் முதலிலிருந்து. கோரஸ் பாடத் தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்து பெண்களை அழைத்துப் போவது வழக்கம். அவர்களுக்கு நோட்டேஷன் பார்த்துப் பாடத் தெரியும். அப்படி அழைத்துப் போன ஒரு ஏற்பாட்டாளர், வந்தவர்களிடம் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அவர் மகன் அதை எனக்கு நகலெடுத்துக் கொடுத்தார். அந்தப் பாட்டுக்கு உரிய பக்கத்தில் எட்டுப் பெண்களின் கையெழுத்து. மூன்றாவது பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'ஹம்மிங் தனி' என்ற குறிப்பு. அந்தப் பெயருக்கு உரியவர் நாவலூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். தொலைபேசியில் கேட்டேன். "ஆமா சார், நான்தான்" என்றார். பேனாவில் எழுதினேன், அச்சிலும் வந்தது. விம்மலை இசையமைப்பாளரே கேட்டு வாங்கினார் என்று பல வருடங்களாகச் சொல்லப்படும் கதையையும் சேர்த்திருந்தேன்.

நண்பருக்கு ஒரே சந்தோஷம். என் எதிரிலேயே மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

"கேட்டியா டீச்சர், உன் கூட கொயர்ல பாடினவங்களாம்! நீயும் போயிருந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க, உங்கப்பா சபை உபதேசியாரு, விட்டிருக்க மாட்டாரு."

டீச்சர் கீரைத் தண்டை ஒடித்தபடி, "எனக்கெல்லாம் அவ்வளவு குரல் இல்ல" என்றார். அவர் குரலை நான் முழுதாகக் கேட்டது ஏறக்குறைய அத்தோடு சரி.

தை மாதம் அவருக்குத் தைராய்டு கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி நரம்பைச் சுற்றியிருந்தது, நரம்பையும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது. காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் குனிந்து கேட்டால் புரியும். மற்றபடி ஒரு கோடு போட்ட பள்ளி நோட்டில் எழுதிக் காட்டுவார்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு வியாழக்கிழமை, கணவர் மருந்து வாங்க கேம்ப் ரோடு போயிருந்த நேரத்தில், டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் தனியாக வந்ததில்லை. நோட்டைப் பிரித்து என் முன் வைத்தார். வீட்டிலேயே எழுதி எடுத்து வந்திருந்தார்.

'சார், அந்த ஹம்மிங் நான் பாடியது. நீங்கள் பெயர் போட்டவளுக்கு அன்று அம்மை போட்டிருந்தது. ஒருத்தி வராவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அதனால் பதிலுக்குப் போகிறவள் வராதவள் பெயரிலேயே கையெழுத்துப் போடுவாள். எல்லாரும் செய்வோம். நான் போனது அந்த ஒரு நாள்தான்.'

நான் முதலில் கேட்டது என்ன என்பதை மறைக்க விரும்பவில்லை. "ஏதாவது ஆதாரம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தார்.

மீதியை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். அப்போது அவருக்கு நிச்சயம் ஆகியிருந்தது. கோவில் என்று அவர்கள் சொல்லும் தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள், ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது. நிச்சயத்தன்று மாமியார், "கொயர் பொண்ணுங்க சினிமாவுக்குப் போகுதாமே, நீ போனதுண்டா?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை" என்று சொன்னார். அன்று அது உண்மை. மூன்று வாரம் கழித்து வந்த ஒரு சனிக்கிழமை பொய்யாகிவிட்டது. அப்பாவிடம் ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை. தனியாக ஹம்மிங் வேண்டும் என்று இசையமைப்பாளர் எட்டுப் பேரையும் ஒவ்வொருத்தியாகப் பாட வைத்து, இவரை முன்னால் நிறுத்திவிட்டார்.

'சாயங்காலம் நாலு மணிக்கு இவரை தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். மோதிர அளவு கொடுக்க வேண்டும். டேக் ஓடும்போது கண்ணாடி அறைக்கு மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். நாலு பத்து. இவர் நிற்பாரே என்று நினைத்தேன், மூச்சு அடைத்துவிட்டது. இன்னொரு டேக் எடுக்கச் சொன்னார்கள். இசையமைப்பாளர் போட்டுக் கேட்டுவிட்டு, இது இருக்கட்டும் என்றார்.'

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுதினார்.

'நாற்பது வருடமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது குரல் இல்லை. தினமும் என் குரலை எனக்கு எதிரிலேயே போட்டு யாரோ என்று நினைத்துக் கேட்கிறார். போன வாரம் காதில் சொன்னேன். சிரித்தார். சார் எழுதியிருக்காரே, சார் தேதி தப்பாவே எழுத மாட்டாரு, நீ மருந்து வேகத்துல பேசறேன்னார். நீங்கள் எழுதினால் நம்புவார்.'

அதாவது, இந்த அம்மாவுக்கும் அவர் கணவருக்கும் நடுவில் நான் அச்சடித்த ஒரு பெயர் நின்றது. அப்போதும், "விசாரிச்சுட்டு எழுதறேன்" என்றுதான் சொன்னேன். பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் போக்கினேன். ஏற்பாட்டாளரின் மகனைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மேடவாக்கம் வழியாகப் பஸ் மாறி நாவலூர் போனேன். பதினாலாவது மாடி. கதவைத் திறந்த அம்மாள் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்தார்.

"வாங்க சார், வாங்க! நீங்க எழுதினத என் மருமக ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கா, பாருங்க. என் பையன் ரிங்டோனே நம்ம ஹம்மிங்தான். ஆபீஸ்ல போன் அடிச்சா எங்கம்மா கூப்பிடறாங்கன்னு சொல்லுவானாம்."

டிவிக்கு மேலே சட்டம் போட்டு என் கட்டுரை. அதைப் பார்த்துக்கொண்டே, வந்த விஷயத்தைச் சொன்னேன். டீச்சருக்கு அறுவை சிகிச்சை நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"குரலே போயிடுச்சா? சுத்தமாவா?"

"காத்துதான் வருது."

"அவ குரல் எப்படி இருக்கும் தெரியுமா சார் உங்களுக்கு?" என்றார்.  அவரே தொடர்ந்தார். "எனக்குச் சின்னம்மை. எழுந்திருக்க முடியல. படம் வந்ததும் கோவில்ல எல்லாரும் நீதானே நீதானேன்னாங்க. அவதான், ஆமான்னு சொல்லுடி, எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாருன்னா. சொன்னேன். அதுக்கப்புறம் அவ இந்தப் பேச்சே எடுக்கல. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். சொல்லிச் சொல்லி, அந்த மைக்குக்கு முன்னாடி நான் நின்ன மாதிரியே ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சு சார். பொய்யின்னே தோணல."

பிறகு, "என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

"உங்களப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதல."

"எழுதுங்க சார். ஒரு வாரம் மட்டும் கொடுங்க, வீட்ல நானே சொல்லிக்கிறேன்." சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். "அத எப்படி எடுக்கறதுன்னுதான் தெரியல. எடுத்தா செவுத்துல ஆணி தெரியும்."

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டுக்கான கோப்பை எடுத்தேன். பதிவேட்டின் நகலுக்கு மேலேயே, டீச்சர் அன்று நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த தாள் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். மூன்றாவது கையெழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகிய மாதிரி நிமிர்ந்த, இடைவெளி விட்ட எழுத்து. தாளிலும் அதே எழுத்து. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் நான். இரண்டு வாரம் அவை ஒரே கோப்பில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. நான் பெயரை மட்டும் படித்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துத் திருத்தம் வெளிவந்தது. ஐந்தே வரி. பாடியவர் பெயர், ஏன் வேறு பெயர் பதிவானது, தவறு என்னுடையது. கடிகாரத்தையும் ஸ்டேஷனையும் எழுதவில்லை. அதை டீச்சர்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்ததும் கணவர் அதைப் படித்திருக்கிறார். அன்று சாயங்காலம் பாட்டுப் போடவில்லை. மறுநாளும் இல்லை. ஐந்தாம் நாள் தெருவில் என்னைப் பார்த்த டீச்சர் நோட்டில் ஒரு வரி எழுதிக் காட்டினார். 'இதற்கு முன் தினமும் ஒரு தடவையாவது என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.'

அதைவிட அழுத்தமாக யாரும் என்னைக் குற்றம் சாட்டியதில்லை. அவர் குற்றம் சாட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் கணவர் போன் செய்தார். "சார், அந்தப் பாட்டு ரெகார்டிங் ஆன தேதி இன்னா? நோட்ட எடுத்துக்கினு வாங்க."

போனேன். தேதியைச் சொன்னேன். கிழமை கேட்டார். சனி என்றேன். எழுந்து போய், குடும்ப வேதாகமத்தை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் அவர் அப்பா கையால் எழுதிய குறிப்பு இருந்தது. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை, கல்யாணம். மூன்றாம் ஓலை வாசித்தது நான் சொன்ன தேதிக்கு மறுநாள்.

"அன்னிக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா சார்?" என்றார். டீச்சர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. "சானடோரியம் ஸ்டேஷன்ல. நாலு மணிக்கு வர்றேன்னா இவ. மூணரைக்கே போயி நின்னுட்டேன். வண்டி வருது, போகுது, நின்னுகினே இருக்கேன். தெரிஞ்சவன் ஒருத்தன், இன்னாடா மாப்ளே, ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிட்டியான்னு கிண்டல் பண்ணிட்டுப் போறான். ஆறரை வரைக்கும் நின்னேன். செம கோவம். நாளைக்கு மூணாவது ஓலைய நிறுத்திடலாமான்னு கூட நெனச்சேன். காலைல கோவில்ல பார்த்தா, தலைவலின்னா. நான் பேஜாரா திரும்பிப் போயி மாத்திரை வாங்கியாந்து குடுத்தேன் சார். அந்த மாத்திரைய முழுங்கினியா டீச்சர், தூக்கிப் போட்டியா?"

டீச்சர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உதடு அசைந்தது. முழுங்கினேன் என்றார்.

"தலைவலி இல்லாமலேயா?"

அவர் சிரித்தார். சிரிப்பிலும் காற்றுதான். பிறகு நோட்டை இழுத்து எழுதி கணவரிடம் நீட்டினார். எனக்கு எழுதியதைவிடச் சின்னது. கடிகாரம், நாலு பத்து, நீங்கள் நிற்பீர்களே என்று நினைத்தது. அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

இருவர் தனித்தனியாக, ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் சொன்னவை நாளும் மணியும் பிசகாமல் பொருந்தின. என்னிடம் இருக்கும் பதினொரு நோட்டிலும் இதைவிட உறுதியான ஆதாரம் கிடையாது. 

பத்து நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் பாட்டைப் போட்டார். இந்த முறை கண்ணை மூடவில்லை, நெஞ்சில் கை வைக்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. டீச்சரின் தோள் எழுந்தது. ஸ்பீக்கரில் மூச்சு உள்ளே போன அதே நொடியில் அவருக்கும் போனது. நண்பர் உடனே நிறுத்திவிட்டார்.

"தினம் எதிர்ல உட்கார்ந்து இதைத்தான் பண்ணிக்கினு இருந்தியா?"

டீச்சர் ஆமாம் என்று தலையசைத்தார். அவர் மறுபடி முதலிலிருந்து போட்டார். மறுபடியும். நான் எழுந்து செருப்பு மாட்டும்போது நாலாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு ஏழு மாதம். பாட்டு முழுதாக ஓடியதே இல்லை. ஹம்மிங் மட்டும், அந்த மூச்சு வரை. ஐப்பசி மழையில் கட்டி நுரையீரலில் இருப்பது தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து காலம் தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை டீச்சர் இறந்துபோனார். அடக்கத்துக்கு நாவலூரிலிருந்து அந்த அம்மாள் வந்திருந்தார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார். 

மூன்றாவது வாரம் நண்பரைப் பார்க்கப் போனேன். ஐந்தரை ஆகியிருந்தது. மேசையில் செல்போனும் ஸ்பீக்கரும் இருந்தன. எதிர் நாற்காலியில் யாரும் உட்காராதபடி டீச்சரின் கோடு போட்ட நோட்டை வைத்திருந்தார்.

"டீ போடத் தெரியாது சார் எனக்கு. மன்னிச்சுக்கோங்க" என்றார். பிறகு பாட்டைப் போட்டார்.

முதல் வளைவு. இரண்டாவது. ஸ்பீக்கரில் மூச்சு உள்ளே போனது. அவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்தவில்லை. பாடகியின் குரல் வந்தது, வாத்தியங்கள் வந்தன, முதல் சரணம் முடிந்தது. அப்போதுதான் கையை நீட்டி அணைத்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் சார் பார்த்துக்கினு இருந்தேன்" என்றார். "ஒவ்வொரு வண்டியா வருது. இறங்கறவங்க எல்லாம் இறங்கிப் போறாங்க. இவ இல்ல."

 ஆறரை வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன்.